ஆளில்லாத ஊரில் வரும் அபிவிருத்தி: காங்கேசன்துறை நமக்குச் சொல்வது

காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்து சேர்ந்தது 2015 ஜனவரி 2ஆம் திகதி. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் புதிய பாதையை அமைத்துக் கொடுத்தது. அன்றைய தினம் அதே ஊரிலுள்ள நடேஸ்வராக் கல்லூரி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. அதன் மாணவர்கள் இடம்பெயர்ந்த பாடசாலையாக வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி விடுவிக்கப்பட்டது 2016 மார்ச்சில்தான். 701 ஏக்கர் காணியைக் கையளிக்க அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்தபோது 26 ஆண்டுகள் கழிந்திருந்தன. ரயில் முதலில் வந்தது, பாடசாலை ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தது.

பக்கத்து மயிலிட்டியிலும் இதே வரிசைதான். துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. கலைமகள் வித்தியாலயம் 2018 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையைத்தான் வலிகாமம் வடக்கு மக்கள் எதிர்க்கிறார்கள் என்பது என் புரிதல். பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் வேண்டாம் என்று அங்கே பெரிதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் கொழும்பில் அதை அப்படித்தான் மொழிபெயர்க்கிறார்கள். "யாழ்ப்பாணத்தார் எதைக் கொண்டுவந்தாலும் எதிர்ப்பார்கள்" என்று நம்மவர்கள் சிலரும் சமூக ஊடகங்களில் எழுதுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நமது நலனை மறைக்காமல் சொல்லிவிடலாம். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறை கப்பல் ஓடத் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமானது. இவற்றால் பயன்பெறுவோரில் வட மாகாண முஸ்லிம்களும் உண்டு. துணி வியாபாரி, சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர், நாகூருக்குப் போக நினைக்கும் பெரியவர்கள் என்று எத்தனையோ பேர். நாகபட்டினத்தில் இறங்கினால் நாகூர் கூப்பிடு தூரம். துறைமுகப் புனரமைப்புக்கு இந்தியா 2018இல் 45.27 மில்லியன் டொலர் கடன் தர உடன்பட்டது. பின்னர் 61.5 மில்லியன் டொலர் நன்கொடையாகத் தருவதாக அறிவித்தது. வேலை நடந்தால் நமக்கு நல்லதுதான். ஆனால் அந்த நன்மை யாருடைய காணி மீது எழும்புகிறது என்று கேட்கும் கடமையும் அதனால்தான் நமக்கு அதிகமாகிறது.

2013ஐ எடுத்துக்கொள்வோம். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க, காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் வந்தது. ஓர் ஓடுபாதைக்கும் ஒரு துறைமுகத்துக்கும் அவ்வளவு நிலம் தேவையில்லை என்பது எவருக்கும் தெரியும். அதைவிட மோசம், அறிவித்தல் போட்ட விதம். மரங்களில் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்களில் பலர் சில மைல்களுக்கு அப்பால் கோணப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில், அரசாங்கமே பதிவு செய்து வைத்திருந்த குடும்பங்களாக இருந்தார்கள். உலர் உணவு கொடுக்கத் தெரிந்த முகவரி, கடிதம் அனுப்பத் தெரியாமல் போய்விட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வலிகாமம் வடக்கின் வழக்கு மற்ற ஊர்களின் வழக்கிலிருந்து வேறுபடுவது இங்கேதான். சாதாரணமாக ஒரு பெருவீதியோ துறைமுகமோ ஒரு பாடசாலைக்குப் பக்கத்தில் வருகிறது என்றால் அதிபர் கடிதம் எழுதுவார், பெற்றோர் வாசலில் நிற்பார்கள், பிரதேச சபை உறுப்பினர் ஓடிவருவார். சட்டமும் ஓரளவு இடம் தருகிறது. துறைமுகம் அமைத்தல், விமான நிலையத்தைப் பெருமளவில் விரிவாக்குதல், நூறு குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாகக் குடியகற்றுதல் ஆகியவற்றுக்கு 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி சுற்றாடல் அனுமதி வேண்டும். முழு அளவிலான சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால் அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. காணி எடுத்தற் சட்டத்தின் 4ஆம் பிரிவும் ஆட்சேபனை தெரிவிக்க வழி விடுகிறது. ஆனால் 1990 ஜூனில் மக்கள் வெளியேறிவிட்ட ஊரில் யார் கடிதம் எழுதுவது? பாடசாலையே இல்லாத இடத்தில் எந்த அதிபர்? திட்டத்துக்காக ஒரு குடும்பமும் அகற்றப்படவில்லை என்று கணக்குக் காட்டலாம், ஏனென்றால் யுத்தம் அவர்களை ஏற்கனவே அகற்றிவிட்டது.

நாங்கள் இதைப் புரிந்துகொள்ள அதிகம் சிரமப்படத் தேவையில்லை. அதே 1990இல், அவர்கள் வெளியேறி நான்கு மாதங்களில், ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர். ஒஸ்மானியாக் கல்லூரியும் பிள்ளைகள் இல்லாத கட்டடமாக நின்றது. ஊரில் இல்லாத காலத்தில் நம் காணிக்கு என்ன நடந்தது, திரும்பி வந்தபோது உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை கச்சேரி வாசல்களில் நின்றோம் என்பதைப் புத்தளத்து முகாம்களில் வளர்ந்த என் தலைமுறை மறக்கவில்லை. வெளியேற்றியவர்கள் வேறு, காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. ஆனால் 'ஆள் இல்லை, ஆகவே காணி இருக்கிறது' என்ற கணக்கு ஒன்றேதான்.

ஒலுவிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மர்ஹூம் அஷ்ரப் கனவு கண்ட துறைமுகம் என்று அதைக் கொண்டாடினோம். டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அலைதடுப்பு அணை வந்த பிறகு கரையோரத்தைக் கடல் அரித்தது, தென்னைகள் விழுந்தன. துறைமுக வாயிலோ மணலால் மூடிக்கொண்டது. இவ்வளவும் முஸ்லிம் பெரும்பான்மை ஊரில், முஸ்லிம் அரசியல்வாதிகள் அமைச்சரவையில் இருந்த காலத்தில். அபிவிருத்தி வருகிறதே என்று கேள்வி கேட்காமல் இருந்தோம், எழுத்தில் எந்த உறுதியும் வாங்கவில்லை. ஒலுவில் மீனவரிடம் கேட்டால், காங்கேசன்துறைக்காரர் ஏன் முரண்டு பிடிக்கிறார் என்று நம் முகநூல் விமர்சகர்களைவிட நன்றாக விளக்குவார்.

பாடசாலை விடயத்துக்கு வருகிறேன். இப்போது பலாலிக்கு வருபவை பெரும்பாலும் ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்கள், நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்த நிலையில் வகுப்பறைக்குப் பெரிய இடைஞ்சல் இருப்பதாகச் சொன்னால் அது மிகை. ஆனால் ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களைக் கொண்டுவருவதே நோக்கம் என்று தொடர்ந்து சொல்லப்படுகிறது. ஜேர்மனியின் மூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோது இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்தார்கள். இரைச்சல் நின்ற இடத்தில் வாசிப்பும் நினைவாற்றலும் மெல்ல மெல்லத் தேறின, புதிதாக இரைச்சல் வந்த இடத்தில் குறைந்தன. வசாவிளானில், மயிலிட்டியில், இவ்வளவு காலம் கழித்துத் தன் கட்டடத்துக்குத் திரும்பிய பாடசாலைகளுக்கு மேலால் எந்தப் பாதையில் விமானம் இறங்கும், துறைமுகத்துக்குக் கல் ஏற்றும் லொறிகள் எந்த வீதியால், எத்தனை மணிக்குப் போகும் என்று வேலை தொடங்குமுன் கேட்பது எதிர்ப்பு அல்ல. வேலை முடிந்த பின் கேட்டுப் பயனில்லை.

2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதியைத் திறந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் திறந்தபோது போட்ட நிபந்தனைகளில் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்பவற்றோடு, நடந்து செல்லவே கூடாது என்பதும் இருந்தது. நடந்து போகும் பாடசாலைப் பிள்ளைக்கு அந்த வீதி திறக்கப்படவில்லை.

நமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் யாழ்ப்பாண முஸ்லிம் அமைப்புகளும் இதில் செய்யக்கூடியது சிறியதுதான், ஆனால் பயனுள்ளது. விமான நிலைய விரிவாக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் எத்தனை ஏக்கர், எந்தத் துண்டுகள் என்ற வரைபடத்தை, 2ஆம் பிரிவு அறிவித்தலுக்கு முன்பே, தமிழில், தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பாடசாலை அதிபர்களையும் பெற்றோரையும் அழைத்து உட்காரவைக்கச் சொல்லலாம். தேவைக்கு மேலுள்ள காணியை வேலை தொடங்குமுன் விடுவிக்கச் சொல்லலாம். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று இம்முறை மரத்தில் ஒட்ட முடியாது. 2013இல் வழக்குப் போட்ட இரண்டாயிரம் பேரின் பெயர்களும் முகவரிகளும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கோப்பில் இருக்கின்றன.