முதல் ஆர்டரை யார் கொடுப்பது?

ஒரு புதிய தொழில்நுட்பக் கம்பெனி, இளம் கம்பெனிகளுக்குப் பணமும் வழிகாட்டலும் தருகிற ஏதாவது ஆக்சிலரேட்டர் திட்டத்துக்குத் தேர்வாகிவிட்டது என்று தெரிந்தால், ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு பணம் கொடுத்தாங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதில் பெரும்பாலும் சிறிய தொகைதான். தமிழக அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறத்துக்குப் பயன்படும் தொழில் என்றால் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. கருவி செய்து விற்கிற கம்பெனிக்கு இந்தப் பணம் சர்க்யூட் போர்டிலும் இரண்டு பேரின் சம்பளத்திலுமே கரைந்துவிடும். கரைந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் அந்தத் திட்டத்தை எடைபோட வேண்டும்.

என் நண்பரின் மகள் ராஜபாளையத்துக்காரி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கூடப் படித்த இருவரோடு சேர்ந்து நூற்பாலைகளுக்காக ஒரு சின்னக் கருவி செய்தாள். மோட்டாரின் அதிர்வையும் சூட்டையும் அளந்து, பேரிங் தேயத் தொடங்கியதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) நின்றால் அதிலிருக்கிற நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்களும் ஒன்றாக நின்றுவிடும் என்பதால் மில்காரர்களுக்கு இது உண்மையான தேவை. மதுரையில் நடந்த ஓர் ஆக்சிலரேட்டர் திட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

முதல் சில வாரங்கள் வகுப்புகள். கம்பெனி மதிப்பை எப்படிக் கணக்கிடுவது, முதலீட்டாளர் முன்னால் ஐந்து நிமிடத்தில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம். அவற்றைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. அவள் வாய் ஓயாமல் பேசியது, வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற மில் மேனேஜர் ஒருவர் அவர்களை ராத்திரி ஷிப்டுக்கு ஒரு மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனதைப் பற்றித்தான்.

உள்ளே போன சிறிது நேரத்திலேயே அவர்களுடைய கருவி மேல் பஞ்சு படிந்து போர்வை மாதிரி மூடிவிட்டது. சூடு வெளியேற வழியில்லாமல், நல்ல மோட்டாரைக் கெட்ட மோட்டார் என்று கருவி சொல்லிக்கொண்டிருந்தது. ஏசி போட்ட ஆய்வகத்தில் இந்தப் பஞ்சு கிடையாது. அதோடு, அவர்கள் ஆசை ஆசையாகச் செய்திருந்த திரையை, பச்சை, மஞ்சள், சிவப்பு வரைபடங்களோடு ஃபிட்டரிடம் காட்டினார்கள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ராத்திரி மூணு மணிக்கு எவன் இது முன்னால உக்காந்திருப்பான்? எனக்குப் போன் அடிக்கச் சொல்லு. எந்த ஃபிரேம்னு தமிழ்ல சொல்லச் சொல்லு. நான் ஓடிப் போய்ப் பாத்துக்கிறேன்."

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தவள், அடுத்த மாதத்துக்குள் பெட்டியின் வடிவத்தையே மாற்றினாள். விளிம்போ இடுக்கோ இல்லாமல், பஞ்சு தங்காதபடி, துணியால் ஒரு முறை துடைத்தால் போதும் என்கிற மாதிரி. எச்சரிக்கை இப்போது தமிழில் பேசும் போன் அழைப்பாகப் போகிறது. திரை இன்னும் இருக்கிறது. அதை முதலாளி காலையில் பார்த்துக்கொள்கிறார்.

எந்த வகுப்பிலும் இது கிடைத்திருக்காது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்திருந்தால், மில் வாசலைத் திறந்துவிடுகிற ஒரு மனிதரைத் தேடியே அவர்கள் களைத்துப் போயிருப்பார்கள். வட்டாரத் திட்டத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. பிரச்சினையும் அதை அறிந்தவரும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். ஸ்டார்ட்அப் டிஎன்னுக்குத் தலைமை ஏற்ற சிவராஜா ராமநாதன், அதற்கு முன்பு மதுரையில் 'நேட்டிவ் லீட்' என்ற அமைப்பைத் தொடங்கி, சிறு ஊர்த் தொழில்முனைவோரையும் உள்ளூர் முதலீட்டாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்தவர். ஸ்டார்ட்அப் டிஎன்னின் வட்டார மையங்கள் முதலில் மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று அமைந்ததை நான் மிகச் சரியான முடிவாகப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்று ஒரு ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டி. அங்கே 2006-இல் தொடங்கியது 'டெக்ஸ்டார்ஸ்' என்ற ஆக்சிலரேட்டர். 2009-இல் மூன்று பொறியாளர்கள், கம்பெனிகள் அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழாமல் சேர்க்கும் ஒரு சேவையோடு அந்தத் திட்டத்துக்கு வந்தார்கள். அதுதான் 'சென்ட்கிரிட்'. திட்டம் முடிந்த பிறகும் அவர்கள் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு மூட்டை கட்டவில்லை. கொலராடோவிலேயே கம்பெனியை வளர்த்தார்கள். 2017-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. 2018-இல் ஏறத்தாழ 200 கோடி டாலர் மதிப்பில் 'ட்விலியோ' நிறுவனம் அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2024-இல் டெக்ஸ்டார்ஸ் தன் போல்டர் திட்டத்தையே மூடிவிட்டது. திட்டம் ஊரைவிட்டுப் போகலாம். அந்த ஊரில் வேரூன்றிய கம்பெனிகளும் அங்கே தொழில் கற்றவர்களும் அதோடு போய்விடுவதில்லை.

ஆனால் வேர் பிடிக்க வாடிக்கையாளர் வேண்டும். அதற்கு உதாரணம் தேடி நாம் கொலராடோ வரை போக வேண்டியதில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற அதே மதுரையில், 1992-இல் 'அரோலேப்' தொடங்கியது. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. விலை நூறு டாலர் அளவில். ஏழை நோயாளிக்கு அறுவை முடிந்ததும் தடித்த கண்ணாடிதான் கதி. அரோலேப் அந்த லென்ஸை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அதன் பொருட்கள் போகின்றன. மதுரையில் செய்த லென்ஸை நம்பி முதலில் வாங்கிப் பொருத்த ஒரு பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. குறை தெரிந்தால் அன்றைக்கே சொல்ல டாக்டர்களும் இருந்தார்கள். அந்த முதல் வாடிக்கையாளர் இல்லாமல் அரோலேப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நண்பரின் மகள் இப்போது தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். திட்ட நிறைவு நாளில் மேடையில் கைதட்டினார்கள். சில மில்கள் "வச்சுப் பாப்போம்" என்று கருவியை வாங்கி மாட்டிக்கொண்டன. இலவசமாக. "நம்ம ஊர்ப் பிள்ளை, நல்லா வரணும்" என்று மனசாரத்தான் சொல்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் இலவசமாகக் கொடுத்த கருவி தரும் எச்சரிக்கையை யாரும் அக்கறையாகக் கவனிப்பதில்லை. காசு கொடுத்த கருவி ஒரு முறை தப்பாகச் சொன்னாலும் உடனே போன் வரும். அந்தக் கோபமான போன்தான் ஒரு புதிய கம்பெனியை வளர்க்கும். காசு கொடுத்து வாங்கியவை இரண்டு மில்கள்தான். அவற்றில் ஒன்று, மாதக்கணக்கில் பில்லைக் கிடப்பில் போட்டுவிட்டது. பெரிய கம்பெனிக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. மூன்று பேர் நடத்தும் கம்பெனிக்கு அது சம்பளம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிக் கணக்கிலும் இந்தக் கெடு வந்துவிட்டது: கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது. இருந்தும், பெரிய வாடிக்கையாளர் மேல் புகார் கொடுக்க எந்தப் புதிய கம்பெனிக்குத் துணிச்சல் வரும்? மறுபடி அந்த மில் வாசலை மிதிக்க வேண்டுமே. ஆக்சிலரேட்டர் நடத்துகிறவர்கள் இந்த வேலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளலாம். முதலீட்டாளரைத் தேடித் தருவதோடு நிற்காமல், வாங்குகிற நிறுவனங்களிடம் முன்கூட்டியே பேசி, விலையும் பணம் தரும் நாளும் எழுதிய ஆர்டரோடு இளைஞர்களை அனுப்பலாம்.

ராஜபாளையம், திண்டுக்கல், ஈரோடு, சிவகாசி, தூத்துக்குடி என்று எங்கிருந்து இதைப் படித்தாலும் சரி, மில்லோ ஆலையோ மருத்துவமனையோ நடத்துகிறவராக இருந்தால் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்துப் புதிய கம்பெனி ஒன்றை இந்த வருடம் உள்ளே விடுங்கள். குறையை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பொருள் பிடித்திருந்தால் சின்ன ஆர்டராவது விலை கொடுத்து வாங்குங்கள். பில்லை 45 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.