திரை கைக்கு, பொத்தான் காலுக்கு

கச்சேரி மேடையில் கிடார் வாசிப்பவருக்கு இரண்டு கைகளும் ஓயாத வேலையில் இருக்கும். ஒன்று தந்தியை அழுத்தும், மற்றது மீட்டும். ஒலியின் நிறத்தை மாற்றும் வேலை காலுக்குத்தான் மிச்சம். மெலடிப் பாட்டுக்குத் தெளிவான ஒலி, குத்துப் பாட்டுக்குக் கரகரப்பான டிஸ்டார்ஷன், இடையிசையில் எதிரொலிக்கும் டிலே என்று ஒவ்வொன்றையும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதித்து மாற்ற வேண்டும். முன்பு ஒவ்வொரு எஃபெக்டுக்கும் தனித்தனிப் பெடல் இருந்தது. இன்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. அந்தப் பெட்டியைக் காலால் ஆள்வதற்குத் தனியாக ஒரு பலகை தேவைப்படுகிறது. அதைத் தொடுதிரை வைத்துத் தாங்களே வடிவமைத்துக்கொள்ளும் இசைக்கலைஞர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் வட்டாரத்தில் இது நடந்தாக வேண்டும் என்று நான் வாதிடுகிறேன். அதற்கான இசையும் பட்டறையும் கைத்திறனும் இங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு மட்டும்தான் இல்லை.

முதலில் இந்த ஊரின் இசைக்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் பெரும்பாலும் ஒரு பழக்கத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை: பாட்டுகளின் வரிசை முன்பே முடிவாகியிருக்கும், வாசிப்பவர் அந்த வரிசையில் ஒவ்வொரு படியாக நகர்வார். நம் இன்னிசைக் கச்சேரியில் வரிசை என்பது ஒரு பேச்சுக்குத்தான். கூட்டம் கேட்டால் அடுத்த பாட்டு மாறும், பாடகர் கண் காட்டினால் பல்லவி மூன்றாம் முறை வரும். கானாவில் இது இன்னும் கூடுதல். பாடுபவர் வரியை நீட்டுவார், நிறுத்திப் பேசுவார், திடீரென்று தாளத்துக்குள் மறுபடி இறங்குவார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாவும் பறையும் சட்டியும் கட்டைமோளமும் ராக் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்முயற்சியில், இசையமைப்பாளர் டென்மா ஒருங்கிணைத்த குழு அது. அந்தச் சேர்க்கை ஏதோ ஒரு நாள் அதிசயமாகப் போய்விடவில்லை. கானாவோடு கிடார் சேர்வது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படி நிற்கும் கிடார்காரருக்கு, ஐந்தாம் பாட்டிலிருந்து பதினேழாம் பாட்டுக்கு ஒரே தொடுதலில் தாவும் வசதி வேண்டும். பாட்டுக்குள் நுழைந்தபின், குனிந்து பார்க்காமலே மிதிக்கக்கூடிய நான்கைந்து பொத்தான்கள் வேண்டும். இரண்டும் வெவ்வேறு தேவைகள்.

தொடுதிரை பற்றிய குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. காலால் இயக்கும் கருவி என்றதும், திரையையே தரையில் பதித்து மிதிக்கலாம் என்று நினைப்பது இயல்பு. கைப்பேசிகளில் உள்ள மின்தேக்குத் திரை, மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து விரலை உணர்கிறது. ரப்பர் அடிச்செருப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அழுத்தத்தை உணரும் மலிவான தடைத்திரை செருப்பையும் உணரும், ஆனால் அதன் மேற்பரப்பு மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஒரு மனிதனின் எடையைத் தாங்க அது செய்யப்படவில்லை. கோயில் திருவிழாவில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறும் வழக்கம் நமக்கு உண்டு. அப்போது மின்தேக்குத் திரை வெறுங்காலை உணரும் என்பது உண்மைதான். ஆனால் வியர்த்த பாதம் பட்டால் அது தாறுமாறாக வேலை செய்யும். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் வேறு: தட்டையான கண்ணாடியில் எந்த இடத்தில் எந்தப் பொத்தான் இருக்கிறது என்பதைப் பாதம் தடவி அறிய முடியாது. ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். உலோகப் பொத்தான் மேலெழுந்து நிற்கும், அழுத்தினால் அழுந்தியதைக் காலுக்குச் சொல்லும். ஆகவே வேலையைப் பிரித்துவிட வேண்டும். பாட்டு தேர்வது, ஒலியளவைத் திருத்துவது, பெயர் மாற்றுவது எல்லாம் திரையில், கையால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே. பாட்டு ஓடும்போது நடக்கும் மாற்றமெல்லாம் பொத்தானில், காலால். திரையைப் பொத்தான்களுக்கு அப்பால், சற்றுச் சாய்த்து, கனமான அக்ரிலிக் விளிம்புக்குள் தாழ்த்திப் பதித்தால் தவறி வைத்த காலிலிருந்தும் அது தப்பும்.

இப்படியொரு கருவியை ஒரு தனிமனிதர் செய்ய முடிவதற்குக் காரணம் 1983-இல் எடுக்கப்பட்ட ஒரு நல்ல முடிவு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, எந்த நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவியும் எதனோடும் பேசுவதற்கு ‘மிடி’ என்ற பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், அதற்காக இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. மிடியில் ஒலியமைப்பை மாற்றும் கட்டளை வெறும் இரண்டு பைட். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் அது போய்ச்சேர ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. கருவி காலுக்குத் தாமதமாகப் பதில் சொன்னால் பழி மிடி மீது விழாது, வடிவமைப்பாளர் மீதே விழும். 320க்கு 240 புள்ளிகள் கொண்ட ஒரு சிறிய வண்ணத்திரையை முழுக்க வரைய ஏறக்குறைய முப்பது மில்லிவிநாடி பிடிக்கும். அதை முதலில் வரைந்துவிட்டுக் கட்டளையை அனுப்பும் நிரல், தாளத்தில் இடறும். கட்டளையை அனுப்பிவிட்டு வரைவதே சரி. பொத்தானும் ஒரு மிதிக்குள் சில மில்லிவிநாடி அதிர்ந்து, பலமுறை மிதித்ததுபோல் காட்டும். முதல் தொடுகையை உடனே ஏற்று, அடுத்த சில மில்லிவிநாடிகளின் அதிர்வைப் புறக்கணிக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவைப்படும் சங்கதிகள் அல்ல இவை. டிப்ளமோ மாணவர் ஒருவர் கற்று, செய்து, அளந்து பார்க்கக்கூடியவை.

நாமே செய்ய வேண்டும் என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் தமிழ் எழுத்து. கடையில் கிடைக்கும் கால்பலகைகளின் குட்டித் திரைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் வரும். மேடை வெளிச்சத்தில், ஒரு நொடிப் பார்வையில், பாட்டின் பெயரைத் தமிழில் படிக்க முடிவது ஆடம்பரமாகத் தோன்றலாம். தமிழிலேயே பாட்டுப் பட்டியல் எழுதிப் பழகிய கலைஞருக்கு அதுவே வேலைக்கருவி. இதில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. இ.எஸ்.பி.32 போன்ற மலிவான சில்லுகளுக்கான எளிய எழுத்து நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்தை அடுக்கத்தான் அறியும். கொம்பை மெய்க்கு முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துவைக்க அவற்றுக்குத் தெரியாது. ‘கொருக்குப்பேட்டை’ என்று எழுதச் சொன்னால் முதல் எழுத்திலேயே உடைந்துவிடும். லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை கணினி தமிழைச் சரியாகக் காட்டும், ஆனால் மின்சாரம் போய் வந்தால் அது எழுந்து நிற்கப் பத்து இருபது விநாடிகள் கேட்கும். பந்தலில் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் அந்த விநாடிகள் பெரிய விலை. என் தீர்ப்பு சில்லின் பக்கம்தான்: உடனே எழும் சில்லை வைத்துக்கொண்டு, பாட்டுப் பெயர்களை வீட்டுக் கணினியில் படமாக்கி அதற்குள் ஏற்றிவிடலாம். 240க்கு 32 புள்ளிகளில் ஒரு பெயர் 960 பைட்தான். இருநூறு பாட்டுகள் சேர்ந்தாலும் இரண்டு லட்சம் பைட்டைத் தாண்டாது. இந்தச் சில்லுப் பலகைகளில் பொதுவாக நான்கு மெகாபைட் இடம் இருக்கிறது. இந்த வேலையை நமக்காக வேறொரு நாட்டு நிறுவனம் உட்கார்ந்து செய்யும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

காசு கொடுத்து நல்ல கருவியை வாங்கிவிட்டுப் போகாமல் ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் இறக்குமதிக் கருவியின் விலை, வாரக்கடைசிக் கச்சேரியை நம்பி வாழும் ஒருவருக்கு மாதக்கணக்கான சேமிப்பு. சில்லு, சிறிய தொடுதிரை, எட்டு பொத்தான், தகரப் பெட்டி எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் ரூபாயில் அடங்கும். கைப்பேசியிலேயே செயலி இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. கைப்பேசிக்கு நடுப்பாட்டில் அழைப்பு வரும், காலால் தொட முடியாது. அதைத் திரையாக மட்டும் வைத்துக்கொள்வதில் தவறில்லை, மிதிப்பதற்கு எப்படியும் ஒரு பலகை வேண்டும்.

கனமான ஆட்சேபம் நம்பகம் பற்றியது. கையால் செய்த பெட்டி மேடையில் காலை வாரிவிட்டால் கலைஞரின் பெயர்தான் கெடும். இந்த அச்சத்தை நான் முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் இதைத் தனியாளின் ஆர்வத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன். பந்தல் மின்சாரத்தில் எர்த் சரியாக இல்லாதது நாம் அறிந்ததே. வெறுங்காலால் உலோகப் பெட்டியை மிதிக்கும்போது அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 230 வோல்ட் இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. தரமான ஐந்து வோல்ட் அடாப்டர் அல்லது பவர் பேங்க் போதும். மிடியின் மரபான ஐந்து முள் இணைப்பில், வாங்கும் முனையில் சமிக்ஞை ஒளியாகக் கடந்துபோகும்படி ஒரு தடுப்பு இருக்கிறது. இரண்டு கருவிகளுக்கிடையே நேரடி மின்தொடர்பு இல்லாததால் இரைச்சலும் குறையும். கேபிள் இழுபட்டால் சால்டர் பிய்ந்துவராதபடி பிடிமானம், கடற்காற்றின் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும் பவுடர் கோட்டிங், பையில் ஒரு மாற்றுச் சில்லு ஆகியவை ஒழுங்காக இருந்தால் கையால் செய்தது என்பதே குறையாகிவிடாது. இவற்றை ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியர் பார்த்துச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பழுது நீக்கும் வசதியையும் சேர்த்து எடைபோடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. நனைந்துபோன மூடிய கருவிக்கு ஊரில் பழுது பார்ப்பவர் கிடைப்பது அரிது. வரைபடம் கையில் இருக்கும் கருவியைத் திறந்து, உலர்த்தி, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். மின்ரயிலில் கொருக்குப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜ் தாண்டினால் சென்ட்ரல். அங்கிருந்து மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு நடக்கும் தூரம். பாகங்களுக்காகக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இசைக்கலைஞரே கருவி செய்து அது நிலைத்ததற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பெங்களூரின் ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. எழுபதுகளின் இறுதியில் அவர் உருவாக்கிய மின்னணு சுருதிப்பெட்டியிலிருந்து ரேடல் நிறுவனம் வளர்ந்தது. இன்று கர்நாடக இசை மேடைகளில் மின்னணு தம்பூரா யாரையும் வியக்கவைப்பதில்லை. வாசிப்பவரின் தேவை வாசிப்பவருக்கே தெரிந்ததால் விளைந்த பயன் அது. மின்னணுக் கருவிகள் கானாவின் தன்மையைக் கெடுத்துவிடும் என்று கவலைப்படுவோரும் உண்டு. வெளியிலிருந்து வந்த ஆர்மோனியத்தை, காலால் காற்றடித்து இரண்டு கையாலும் வாசிக்கும்படி, நம் நாடக மேடைகள் தமதாக்கிக்கொண்டன. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதற்குத் தடை போட்டிருந்தது, மேடையோ அதைக் கைவிடவில்லை. எந்தக் கருவி தங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கானாக் கலைஞர்களே தீர்மானிப்பார்கள். அந்தத் தேர்வு அவர்களுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் பொறுப்பு.

வடசென்னை என்றாலே துறைமுகம், புகை, லாரி என்று மட்டும் எழுதிப் பழகிவிட்டோம். எண்ணூரில் லாரியும் திருவொற்றியூரில் புல்லட்டும் செய்த கைகள் இவை. தகரம் வெட்டவும் துளையிடவும் பற்றவைக்கவும் தெரிந்த பட்டறைகள் இன்றும் இங்கே இருக்கின்றன. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் தொடங்கியது. ஐ.டி.ஐ.க்களில் படிக்கும் பிள்ளைகள் செய்முறைப் பயிற்சி என்ற பெயரில் விளக்கை எரியவைத்து அணைப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு கால்பலகை செய்தால் மின்னணுவியல், நிரல், தகர வேலை, தமிழ்க் கணிமை, மின் பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே வேலையில் கற்கலாம். செய்ததைக் கேட்டு வாங்க ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். வடசென்னையின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: வரும் கல்வியாண்டின் செய்முறைத் திட்டங்களில் இதைச் சேருங்கள். வரைபடத்தையும் நிரலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். முதல் பெட்டியை முடிக்கும் முன்பே உங்கள் பகுதியின் கச்சேரிக் குழுக்களைக் கூப்பிட்டு, அட்டையில் பொத்தான்களை வரைந்து தரையில் வைத்து, அவர்கள் கால் எங்கே போகிறது என்று பாருங்கள்.