உயிர்த்தகவலியலும் பல்கலைக்கழகங்களின் பொறுப்பும்

உயிரியல் ஆய்வு இன்று ஆய்வுகூட மேசையோடு முடிவதன்று. மனித நிறமூர்த்தத் தொகுதி ஒன்றிலடங்கிய டீ.என்.ஏ. எழுத்துக்கள் மாத்திரம் ஏறத்தாழ 300 கோடி. இவற்றைக் கணனியின் துணையோடு ஆராய்ந்து பொருள்காணும் துறையே உயிர்த்தகவலியல். எனினும் பல்கலைக்கழகங்கள் பல, இதனை ஆய்வாளர் தாமாகவே பழகிக்கொள்ளும் சில்லறைத் திறனாகவோ, ஒரு வாரப் பயிற்சிப் பட்டறையில் ஊட்டிவிடக்கூடிய மருந்தாகவோ கருதுகின்றன. இக்கருத்து ஆய்வின் நம்பகத்தன்மைக்கே ஊறு விளைவிப்பதாகும்.

சான்றொன்று காட்டலாம். 'செப்ற் 2', 'மார்ச் 1' எனச் சுருக்கப்பெயர் கொண்டிருந்த பரம்பரையலகுகளை எக்செல் அட்டவணையிற் பதிந்தால், அது அவற்றைத் திகதிகளாக மாற்றிவிடும். 2004இலேயே இதுபற்றி எச்சரிக்கப்பட்டது. 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் மூவர், பரம்பரையலகுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்து வெளிவந்த கட்டுரைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்திலொன்றில் அப்பிழை காணப்பட்டது. எழுதியோரும் மதிப்பிட்டோரும் கற்றவர்களே. ஈற்றில், 2020இல், பரம்பரையலகுகளின் பெயர்களே மாற்றப்பட்டன. ஆய்வாளரைப் பயிற்றுவதிலும் பரம்பரையலகுக்குப் புதுப்பெயர் சூட்டுவது இலகுவாயிற்றுப் போலும்!

குறுகிய பட்டறைகள் போதும் என்பாரும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் 53 நிறுவனங்களில் உயிரியற்றுறைக் கலாநிதிப்பட்ட மாணவர் 294 பேரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய குறுகியகாலப் பயிற்சி பெற்றோர்க்கும் பெறாதோர்க்குமிடையே ஆய்வுத்திறன் வளர்ச்சியிற் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. விதை ஊன்றிவிட்டு நீர்வார்க்க மறப்பது பயிர்ச்செய்கை ஆகாது.

உயிர்த்தகவலியலாளரைத் தரவு பெற்று விடை அனுப்பும் எழுதுவினைஞராக நடத்துவதும் இத்தகைய பேதைமையே. நோயாளரின் மாதிரிகளை ஒரு நாளும் நலமுடையோரின் மாதிரிகளை வேறொரு நாளும் பகுப்பாய்வு செய்தால், காணும் வேறுபாடு நோயினால் வந்ததா, நாளினால் வந்ததா என எந்தக் கணனியும் பிரித்துக் கூறாது. ஆதலின் அவர் துணை வேண்டப்படுவது பரிசோதனை முடிந்தபின் அன்று, தொடங்குமுன்.

எனவே வேண்டுவன மூன்று: இளமாணிப் பாடத்திட்டத்திலேயே இத்துறைக்கு இடம், உயிரியற் பீடங்களில் நிரந்தரப் பதவி, பகுப்பாய்வு செய்தோர்க்கு ஆசிரியருள் ஒருவர் என்னும் உரிமை.

பணமில்லை என்பர் சிலர். மரபுத் தரவுகளுட் பெரும்பகுதியும் அவற்றை ஆராயும் மென்பொருள்கள் பலவும் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. கிடைக்காதவர், அவற்றைக் கையாளக் கற்பித்து உடனிருக்கும் ஆசிரியரே. அவரை நியமிக்க மறுத்துவிட்டு ஆய்வின் தரம் தாழ்ந்ததென வருந்துவதற்கு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமையில்லை.