கடைசி இலை யாருக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், தெருவெல்லாம் தீபாவளிப் பலகார வாசனை. முறுக்கு மொறுமொறுப்பாக வருவது எப்படி, பட்டுப் புடவையில் பட்ட எண்ணெய்க் கறையைப் போக்குவது எப்படி என்றெல்லாம் நம் வாசகிகள் நிறையவே எழுதுகிறார்கள். இந்தத் தடவை, விருந்து சமைத்துப் பரிமாறுகிறவளின் பசியைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோமா? சமைத்த பெண்கள் மட்டும் எல்லோருக்கும் கடைசியாக, மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தை நம் வீடுகளில் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

விருந்து என்பது அன்றைக்கு ஒரு நாள் வேலையா என்ன? அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் காய்வதற்குள் இடித்து, வெல்லப் பாகு பதம் பார்த்துக் கிளறி, இரண்டு மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி இட்லிக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு மருதாணி வைத்துவிட்டுப் படுக்கவே பன்னிரண்டு மணியாகிவிடும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வெந்நீர் போட்டு, ஒவ்வொருவருக்கும் எண்ணெய், சீயக்காய் எடுத்துக் கொடுத்து, லேகியம் உருட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் ஊர்ச் சனம் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று வாசலில் நிற்கும்.

அப்புறம்தான் சமையலே. பதினைந்து பேர் வந்திருந்தால், ஆளுக்கு ஐந்து இட்லி என்றாலும் எழுபத்தைந்து இட்லி. வீட்டு இட்லிப் பானையில் ஒரு ஈட்டுக்குப் பதினாறு வரும். ஐந்து ஈடு ஊற்றி எடுக்க ஒரு மணி நேரம் அடுப்படியை விட்டு நகர முடியாது. அந்த நேரத்தில் கூடத்தில் டி.வி.யில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும். பெண்ணின் பெருமையைப் பற்றி யாராவது பேச, எல்லோரும் கைதட்டுவார்கள். நமக்கு அடுப்படியில் அது அரைகுறையாகத்தான் காதில் விழும்.

மதியப் பந்தியைச் சொல்லவே வேண்டாம். முதலில் ஆண்களும் பிள்ளைகளும், அடுத்தது பெரியவர்கள், அப்புறம் விருந்தாளிப் பெண்கள். கடைசி இலை சமைத்தவளுக்கு. மணி மூன்றாகியிருக்கும். கறிக்குழம்பில் இரண்டு எலும்பும் உருளைக்கிழங்கும் கிடக்கும். வடை தீர்ந்து போயிருக்கும். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று யாராவது கேட்டால், "எனக்குப் பசியே இல்லை, வாசனையிலேயே வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். நம்மில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருக்கிறோம்!

ஒரு நாள்தானே, இதற்கு ஒரு கடிதமா என்று சிலர் நினைக்கலாம். தீபாவளியன்று பெரிதாக நடப்பதுதான் தினமும் சின்னதாக நடக்கிறது. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலோ, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. அதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் உழைக்கிற உடம்புக்கு மிஞ்சியதைப் போட்டால் அது எத்தனை நாள் தாங்கும்?

"வந்தவங்களைக் கவனிச்சுட்டுத்தான் நாம சாப்பிடணும், அதுதான் விருந்தோம்பல்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரொம்பச் சரி. திருக்குறளில் அதற்கென்றே ஒன்பதாவது அதிகாரம் இருக்கிறது. அதில் 85-வது குறளை எடுத்துப் பாருங்கள். விருந்தினரை உபசரித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவனின் நிலத்தில் விதைகூடப் போட வேண்டுமா என்று கேட்கிறார் வள்ளுவர். 'சாப்பிடுகிறவன்' என்று ஆண்பாலில்தான் சொல்லியிருக்கிறார்! வீட்டுத் தலைவனுக்குச் சொன்னதை யார் அடுப்படிப் பக்கம் தள்ளிவிட்டதோ தெரியவில்லை.

ஆண்களுக்குப் பரிமாறத் தெரியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்குகிறவர்கள் யார்? கோயில் அன்னதானத்தில், கிடா வெட்டில் இலை போட்டு, சோறு போட்டு, ஓடி ஓடிக் கவனிக்கிறவர்கள் யார்? ஊர்ப் பந்தியில் வருகிற கை வீட்டுப் பந்தியில் மட்டும் வராதா?

2024 தீபாவளி அக்டோபர் 31-ல் வந்தது. மறுநாளும் அரசு விடுமுறை விட்டதால் எங்கள் வீட்டுக்கு அண்ணன், நாத்தனார் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டார்கள். முன்கூட்டியே போனில் பேசி வைத்தோம். வடை நாத்தனார் பொறுப்பு, பாயசம் அண்ணி பொறுப்பு. பன்னிரண்டு வகையை ஆறாகக் குறைத்தோம். முதல் பந்தியில் சமைத்த பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும் உட்கார, என் வீட்டுக்காரரும் அண்ணனும் பரிமாறினார்கள். இலை எடுப்பது பையன்கள் வேலை. "ஆம்பிளைங்க நிக்க நாம உக்காந்து சாப்பிடறதா?" என்று அத்தை முதலில் உட்காரவே மாட்டேன் என்றார்கள். கையைப் பிடித்து உட்கார வைத்தோம். ஆவி பறக்கிற சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "தீபாவளிக்குச் சூடா சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!" என்றார்கள். அவர்களுக்கு அப்போது எழுபத்தியொரு வயது.

வந்தவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று பயப்பட வேண்டாம். நம்மேல் பிரியமாக வருகிறவர்கள் நாம் பசியோடு நிற்பதை விரும்ப மாட்டார்கள். ஒரே தடவையில் எல்லோரும் உட்கார இடமில்லையென்றால் இரண்டு பந்தியாக வையுங்கள். சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். அதுவும் முடியாத வீட்டில், சாமிக்கு எடுத்து வைப்பதுபோல, பந்தி தொடங்குவதற்கு முன்பே சமைத்தவர்களுக்கான பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள். இதற்குச் செலவும் கிடையாது, சண்டையும் கிடையாது.

இன்னொன்று. அடுப்படி வாசலில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகள், "கல்யாணமானால் நமக்கும் கடைசி இலைதான்" என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். ஆண் பிள்ளைகளோ, "அம்மாவுக்குப் பசிக்காது" என்று கற்றுக்கொள்கிறார்கள். சீர்வரிசை ஆயிரம் செய்வதைவிட இந்தப் பாடத்தை மாற்றி எழுதினால் நம் பெண்களுக்குப் பெரிய உபகாரம்.

என்ன தோழிகளே, அடுத்த தீபாவளிக்கு உங்கள் இலையையும் முதல் பந்தியிலேயே போடச் சொல்வீர்கள்தானே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்