காலித் தோட்டாவுக்கு மட்டும் கணக்கு

மலையடிவாரத்துச் சுடுதளத்தில் நாற்பது பேர் மண்ணில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். காலை பதினொரு மணி, வெயில் ஏறிவிட்டது. சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளை எண்ணியதில் ஒன்று குறைந்தது. அது கிடைக்காமல் யாரும் வண்டி ஏறக்கூடாது என்பது உத்தரவு. மணலைக் கையால் சலித்தோம், புல்லைப் பிடுங்கிப் பார்த்தோம், பூட்ஸைக் கழற்றி உதறினோம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு ஏட்டய்யாவின் கால்சட்டை மடிப்பிலிருந்து அது கீழே விழுந்தது. எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றைக்கு எனக்குக் கொடுத்தது பத்து ரவுண்டு. என் இலக்குப் பலகையில் பட்டது மூன்று. மற்ற ஏழும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கட்டையைத் தோளில் எப்படி அழுத்த வேண்டும், விசையை இழுக்கும்போது நான் ஏன் கண்ணை மூடுகிறேன் என்று பக்கத்தில் குனிந்து பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'கலந்துகொண்டார்' என்று எழுதினார்கள். அது 1996. அடுத்த முறை நான் துப்பாக்கி சுட்டது ஐந்து வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் இரண்டு தேர்தல்களில் வாக்குப்பெட்டி அறைக்கு வெளியே அதே 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியோடு காவல் நின்றிருக்கிறேன். கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து, சுடு என்று உத்தரவும் வந்திருந்தால், பத்தில் ஏழு எங்கே போயிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

1988-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973-ல். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்று தொடங்கிய வரிசை அது. பத்து வருடத்தில் முதல்நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்று படிப்படியாக ஏறி, 2025 மே மாதம் ஓய்வுபெற்றேன். பாதிக்கும் மேற்பட்ட காலம் ஸ்டேஷன் ரைட்டர் மேசையில் போனது. வீட்டுக்கு வந்த பிறகு பழைய டைரிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பயிற்சிப் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு, இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பணியிடைப் பயிற்சி நான்கே முறை. மொத்தமாக முப்பது நாள் தேறவில்லை.

என் ஒருத்தியின் கதையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட இந்தியக் காவல்பணி நிலை அறிக்கை, ஐந்தாண்டுச் சராசரியாகக் காவல்துறையினரில் 6.4 சதவீதம் பேருக்குத்தான் பணியிடைப் பயிற்சி கிடைத்திருக்கிறது என்று சொன்னது. அதிலும் அதிகாரிகளுக்குக் கிடைப்பது அதிகம், காவலர்களுக்குக் குறைவு. தெருவில் நிற்பவர், லத்தி பிடிப்பவர், அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம் முதலில் பேசுபவர் எல்லாம் காவலர்தான். அந்தக் கைகளுக்குத்தான் பழக்கம் விட்டுப்போகிறது. பயிற்சி பற்றிய பேச்சும் புதிதில்லை. பேராசிரியர் எம்.எஸ்.கோரே தலைமையிலான காவல் பயிற்சிக் குழு 1973-லேயே அறிக்கை கொடுத்தது. நான் காக்கி உடுத்துவதற்குப் பதினைந்து வருடம் முந்தைய அறிக்கை அது.

பேருந்து ஓட்டுநர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு போய் உரிமத்தைப் புதுப்பிக்கிறார். விமானிகள் குறித்த காலத்துக்குள் தேர்ச்சியைக் காட்டாவிட்டால் விமானி இருக்கையில் உட்கார முடியாது. ஒரு மனிதனைக் கைதுசெய்யவும், தேவைப்பட்டால் சுடவும் சட்டம் அதிகாரம் தந்திருக்கும் ஆளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு தேர்வு, அதன்பின் அறுபது வரை ஒன்றும் இல்லை என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? நடைமுறையில் அப்படித்தான் இருக்கிறது.

பயிற்சிக்கு ஆள் அனுப்புவது எப்படி நடக்கிறது என்று ரைட்டராக இருந்த எனக்குத் தெரியும். 'ஒரு காவலரை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பவும்' என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து மெமோ வரும். ஆய்வாளர் என்னைப் பார்ப்பார். நான் டியூட்டி ரோஸ்டரைப் பார்ப்பேன். பாரா ஒருவர், கோர்ட் டியூட்டி ஒருவர், வழிக்காவல் இரண்டு பேர், கோயில் பந்தோபஸ்து ஆறு பேர், மருத்துவ விடுப்பு ஒருவர். கடைசியில் யார் இல்லாவிட்டாலும் ஸ்டேஷன் ஓடுமோ அவர் பெயரை எழுதுவேன். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும் ஏட்டு, முட்டி வலிக்காரர், ஆய்வாளருக்குப் பிடிக்காதவர். யாருக்கு எது தெரியவில்லை என்று பார்த்து ஒரு தடவைகூட நான் பெயர் எழுதியதில்லை. அந்தத் தவறு எனக்கு இன்றும் உறுத்துகிறது. போனவரையும் மூன்றாம் நாள் மந்திரி வருகைக்காகத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். காவலருக்கு வார விடுப்பு என்று 2021-ல் அரசாணையே வந்தது. பந்தோபஸ்து என்று ஒரு சொல் வந்துவிட்டால் முதலில் போவது அந்த விடுப்பு. அடுத்துப் போவது பயிற்சி.

என் கடைசி ஒரு வருடத்தில்தான் பெரிய சோதனை வந்தது. 2024 ஜூலை 1-ம் தேதி முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள். 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். கொலை என்றால் 302 என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது 103 ஆனது. புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கானது. 420 என்ற எண்ணே இல்லை, மொத்தமே 358 பிரிவுகள். முப்பத்தாறு வருடம் கை தானாக எழுதிய எண்களை ஒரே இரவில் மறக்க வேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள் வகுப்பு. பெரிய மண்டபம், இருநூறு பேர், திரையில் ஓடிய எழுத்து பின்வரிசைக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் பழையது, புதியது என்று இரண்டு பத்தியில் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டினோம். எண்ணை அதைப் பார்த்து மாற்றிவிடலாம். மாறியது எண் மட்டும் இல்லையே. மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், அறுபது வயதைக் கடந்தவரை டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைதுசெய்யக் கூடாது. தொண்ணூறு நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். சோதனை போடும்போது தொடக்கம் முதல் பொருள் பட்டியலில் கையெழுத்து வாங்கும்வரை காணொலி எடுக்க வேண்டும். இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். செய்து பழகினால்தான் வரும்.

அந்தக் காணொலி விஷயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். திருட்டு நகையை மீட்க ஒரு வீட்டுக்குப் போனோம். காணொலி எடுக்கும் வேலை ஒரு இளம் காவலருக்கு. அவருடைய சொந்தக் கைப்பேசி. பீரோவைத் திறந்தபோது அவர் வாசலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அரிசிப் பானைக்குள் கைவிட்டு நகையை எடுத்த நேரத்தில் கைப்பேசியில் இடம் நிரம்பிப் பதிவு நின்றுவிட்டது. அது தெரியாமல் இன்னும் பத்து நிமிடம் அவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தால், சங்கிலி வெளியே வந்த அந்த நொடி இல்லை. மின்னணுச் சாட்சியத்துக்கு சாக்ஷிய அதினியத்தின் 63(4)-ன் கீழ்ச் சான்றிதழ் வேண்டும், கோப்பின் ஹேஷ் எண்ணை அதில் குறிக்க வேண்டும். ஹேஷ் என்றால் என்ன என்று அவர் என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பது? அந்தப் பையன் சோம்பேறி இல்லை, பட்டதாரி, சுறுசுறுப்பானவர். ஒரே ஒரு நாள் ஒரு காலி அறையில் பொய்ச் சோதனை ஒன்று நடத்தி, யார் எங்கே நிற்பது, எதை எந்த வரிசையில் படமெடுப்பது என்று கையைப் பிடித்துச் செய்யவைத்திருந்தால் போதும். நகையைப் பறிகொடுத்த அந்த அம்மாவின் வழக்குக்கு வலு இருந்திருக்கும்.

கையால் செய்து கற்றது எப்படி நிற்கும் என்பதற்கும் என்னிடம் சாட்சி உண்டு. 2022-ல் 108 ஆம்புலன்ஸ் ஊழியர் இரண்டு பேர் வந்து எங்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள். பேச்சு இருபது நிமிடம்தான். மீதி நேரம் முழுக்கத் தரையில். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள், நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல். எனக்கு மூச்சு வாங்கியது, விடவில்லை. பிறகு எங்களில் ஒருவரைப் படுக்கவைத்து, கழுத்து அசையாமல் தலையை இரண்டு கையால் தாங்குவது எப்படி என்று ஒவ்வொருவரையும் செய்யச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து பைபாஸில் ஒரு விபத்து. பைக்கில் வந்த பையன் சாலையோரம் கிடந்தான். கூட்டத்தில் இரண்டு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடப்போனார்கள். நான் கத்தி நிறுத்தி, மண்டிபோட்டு உட்கார்ந்து, அவன் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரப் பதினேழு நிமிடம் ஆயிற்று. அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடத்தில் எத்தனையோ விபத்துக்குப் போயிருக்கிறேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்த முதல் விபத்து அதுதான்.

அடுத்துச் சொல்ல வேண்டியதைத் தவிர்த்தால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் அடித்ததில் இறந்தார்கள். நான் ஓய்வுபெற்ற அடுத்த மாதமே மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் அதேபோல் இறந்தார். இவை பயிற்சி போதாமையால் நடந்த தவறுகள் என்று சொல்ல மாட்டேன். அவை குற்றங்கள். கைதுசெய்யும்போது கடைப்பிடிக்க வேண்டியவை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் டி.கே.பாசு வழக்கில் சொன்ன பதினொரு கட்டளைகள் ஸ்டேஷன் சுவரில் பலகையாகவே தொங்குகின்றன. தெரியவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் என் அனுபவத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கத் தெரியாதவர் கைதான் சீக்கிரம் லத்தியைத் தேடும். ஒருவரை உட்காரவைத்து, அவர் போக்கில் பேசவிட்டு, சொன்னதை போன் அழைப்பு விவரத்தோடும் சிசிடிவி பதிவோடும் பொருத்திப் பார்த்து, முரணைக் கண்டுபிடித்து மறுபடி கேட்பது பெரிய வித்தை. அதை எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 'விசாரிச்சு உண்மையை வாங்கு' என்று மட்டும் சொன்னார்கள். எப்படி வாங்குவது என்பதை மூத்தவர்களைப் பார்த்துக் கற்றோம், அவர்கள் அவர்களுக்கு மூத்தவர்களைப் பார்த்து. இங்கிலாந்திலும் அடித்தும் மிரட்டியும் வாங்கிய வாக்குமூலங்களால் நிரபராதிகள் பல வருடம் சிறையில் கிடந்த வழக்குகள் வெளியே வந்தன. அதன்பின் 1990-களின் தொடக்கத்தில் அங்கே விசாரணை முறையையே மாற்றி, வாக்குமூலம் வாங்குவதை விட்டுத் தகவல் திரட்டுவதற்கான கேள்விமுறை ஒன்றைக் காவலர்களுக்குப் பாடமாக்கினார்கள். இங்கே ஏன் முடியாது? சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னது ஒரு பெண் ஏட்டு. அன்று ராத்திரி அந்தக் கட்டடத்துக்குள் 'ஐயா, போதும், நிறுத்துங்க' என்று சொல்லவும், சொன்னவரைக் காப்பாற்றவும் ஒரு முறை இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. மேலதிகாரியைத் தடுத்துப் பேசுவதும் பழக்கினால்தான் வாயில் வரும்.

ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வொரு காவலருக்கும் வருடத்தில் பத்து நாள் பயிற்சி, அதுவும் டியூட்டியாகவே. எந்த பந்தோபஸ்துக்கும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் எஸ்.பி. எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். இதற்கு ஆள் போதாது என்பார்கள். உண்மைதான், அதனால் பயிற்சிக்குப் போகும் ஆளையும் கணக்கில் வைத்தே ஸ்டேஷனுக்குப் பணியிடம் ஒதுக்க வேண்டும். அடுத்தது, வருகைப் பதிவு போதாது, செய்துகாட்ட வேண்டும். அந்த வருடம் சுட்டுத் தேறாதவர் கையில் துப்பாக்கி கூடாது. முதல் தகவல் அறிக்கையும் சோதனைப் பட்டியலும் எழுதிக்காட்டித் தேறாதவர் ரைட்டர் மேசையில் உட்காரக் கூடாது. தேறாதவருக்குத் தண்டனை வேண்டாம், சம்பளத்தில் கைவைக்க வேண்டாம். மறுபடி கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம். பயிற்சி மையத்துக்கு மாற்றல் என்றால் இன்று ஓரங்கட்டப்பட்டதாகத்தான் துறைக்குள் பேச்சு. நன்றாகப் புலன்விசாரணை செய்தவரைக் கூடுதல் படி கொடுத்து அங்கே அழையுங்கள்.

என் பணிப்பதிவேட்டின் நகல் வீட்டில் இருக்கிறது. வெகுமதிக்குப் பக்கங்கள், தண்டனைக்குப் பக்கங்கள், விடுப்புக்குப் பக்கங்கள். எனக்கு என்ன தெரியும், கடைசியாக எப்போது செய்துகாட்டினேன் என்று சொல்ல அதில் ஒரு பக்கம் இல்லை.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு என் பழைய ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் காவலர் போன் செய்தாள். "அம்மா, ஒரு பொண்ணு வந்திருக்கா. சம்பவம் நடந்தது வேற ஸ்டேஷன் எல்லையில. இங்கயே எஃப்.ஐ.ஆர். போடலாமா, சி.எஸ்.ஆர். போட்டு அனுப்பணுமா?" எல்லை பார்க்காமல் போட்டே ஆகணும், சுரக்ஷா சன்ஹிதா 173-ஐப் படி, போட்டுவிட்டு அங்கே அனுப்பு, அந்தப் பெண்ணை முதலில் உட்காரவை, தண்ணி கொடு என்றேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. உனக்கு அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டேன். பட்டியலில் பெயர் போயிருக்கிறதாம். தேர் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.