கடல் கடந்தோர்க்கான பாடங்களும் ஏரிக்கரை மாணவியும்

செம்பரம்பாக்கம் என்றதும் பலர்க்கும் 2015 டிசம்பர் வெள்ளமே நினைவுக்கு வரும். நமக்கோ, ஞாயிறு காலையில் அந்த ஏரியைக் கடந்து வரும் மாணவியர் நினைவுக்கு வருகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்து, கழுத்தில் அடையாள அட்டையோடு, தொலைநிலைக் கல்வியின் நேர்முக வகுப்புக்கு நேரே வருபவர்கள். பாதி வகுப்பில் கண்ணயர்ந்துவிடுவார்கள். நாம் கடிந்துகொள்வதில்லை, புணரியல், நன்றாக உறங்கி எழுந்தவரையே உறங்க வைக்க வல்லது.

சென்ற ஆண்டு இவர்களுக்குப் பாடநூல்கள் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னரே கைக்கு வந்தன. அதே இலக்கணத்துக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் எளிய தமிழில் பாடங்கள் பல்லாண்டுகளாக இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன என்பதுதான் நம்மை வருத்துவது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மூலநூல்களைத் தந்தது. 2001 பிப்ரவரியில், வா.செ.குழந்தைசாமி போன்றோரின் முயற்சியால் உருவான தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம்) சான்றிதழ் நிலை முதல் இளங்கலைத் தமிழியல் வரை பாடங்களை எழுதுவித்தது.

அப்பாடங்கள் முதன்மையாகப் புலம்பெயர்ந்த தமிழரை எண்ணி எழுதப்பட்டவை. அருகில் ஆசிரியர் இல்லாதவர், நேரம் குறைந்தவர், தனியே படிப்பவர் என்று கொண்டே சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களையும் விடைகளையும் வைத்தார்கள். அயல்நாட்டுத் தமிழருக்கென வகுத்த அந்த இலக்கணம் வல்லம் வடகால் விடுதிக்கு எவ்வளவு பொருந்துகிறது! 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அவ்விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்கலாம். 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்தோரைக் கண்டவர்கள், இவர்களுக்கு ஒரு பட்டம் ஏன் வேண்டும் என்று கேட்கமாட்டார்கள்.

"இணையத்தில் இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டுமே" என்பார் உண்டு. படிக்கலாம், மதிப்பெண் வராது. வினாத்தாள் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாடநூலிலிருந்தே வரும். மேலும், இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, திறந்த கல்வி வளம் வேறு. 2002இல் யுனெஸ்கோ கூட்டமொன்றில் பிறந்த இச்சொல்லின் உயிர், படியெடுக்கவும் திருத்தவும் அச்சிட்டுப் பகிரவும் முன்கூட்டியே தரப்படும் உரிமையில் இருக்கிறது. அவ்வுரிமை இருந்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்தை இன்னொன்று எடுத்தாளலாம். புத்தகக் கட்டு வரும்வரை மாணவி காத்திருக்க வேண்டியதில்லை.

வருவாய் போய்விடும் என்று துறைகள் அஞ்சுகின்றன. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. தொலைநிலைக் கட்டணத்தில் ஓடும் துறைகள் பல. எனினும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடநூல்களை ஈஞானகோஷ் தளத்தில் யாரும் படிக்க வைத்திருக்கிறது. அங்கே மாணவர் சேர்க்கை நின்றுவிடவில்லை. கட்டணம் தேர்வுக்கும் பட்டத்துக்கும்தானே, காகிதத்துக்கு அன்று.

ஒரு மாணவிக்கு இணையக் கல்விக்கழகப் பாடங்களைக் காட்டினோம். ஆலைப் பேருந்தில், கைபேசியிலேயே, ஒரு மாதத்தில் எழுத்திலக்கணத்தை முடித்துவிட்டு, குற்றியலுகரப் புணர்ச்சியில் நம்மையே திணறடிக்கும் ஓர் ஐயத்தோடு வந்தார். தேர்வில் அந்தப் பகுதியிலிருந்து ஒரு வினாவும் வரவில்லை.