முதுகில் ஒரு மேஸ்திரி

கால்பந்து ஆட்டக்காரனின் களைப்பை அளக்கக் கருவி வந்திருக்கிறது. சட்டைக்குள், முதுகின் மேற்புறத்தில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடினான், எத்தனை முறை பாய்ந்தான் என்று அது கணக்கெழுதுகிறது. பந்தயத்திலேயே அதை அணிந்துகொள்ள 2015-ல் சர்வதேச விதிக்காரர்களும் அனுமதி தந்துவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம்! ஆனால், கணக்கைப் பார்த்து ஓய்வு கொடுப்பவர் யார்?

2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ரோட்ரி, ஆட்டங்கள் அளவு மீறிவிட்டன, வேலைநிறுத்தம் தூரத்தில் இல்லை என்றார். ஒரு வாரத்துக்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்து விழுந்தார். களைப்புதான் காரணமென்று அடித்துச் சொல்ல நான் வைத்தியனல்ல. ஆனால் அடுத்த கோடையில் ஃபிஃபா ஆட்டங்களைக் குறைத்ததா? 32 கிளப்புகளைக் கூட்டி, அமெரிக்காவில் பெரும் பந்தயமே நடத்தியது!

சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. அங்கே நெய்த துணிக்கு அளவுண்டு. தறியருகில் நின்ற காலுக்கு அளவில்லை. பந்தாட்டக்காரனுக்கோ காலையும் அளந்துவிட்டார்கள். ஓய்வைத்தான் யாரும் படியளக்கவில்லை.

கருவி 'போதும்' என்று காட்டினால், உட்கார்ந்துகொள்ள ஆட்டக்காரனுக்கு உரிமை வேண்டும். அதுவரை அந்தக் கருவிக்கு நான் வைக்கும் பெயர், மேஸ்திரி.